பரிமல் பாபு தள்ளிவிட்ட எண்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹிமாத்ரி நந்தி வெறுங்கையோடு உள்ளே நுழைந்ததுமே பரிமல் சிக்தாருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. சின்சுரா மாதிரி சின்ன ஊரில் யாரும் யார் வீட்டுக்கும் கையை வீசிக்கொண்டு போவதில்லை. அதிலும் ஹிமாத்ரி, தெருமுனைக் கடையில் நாலு சந்தேஷ் இனிப்பாவது கட்டி வாங்காமல் இந்த வீட்டுப் படியை மிதித்ததே கிடையாது. இன்றைக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். பொரி வேண்டாம் என்றான், டீயும் வேண்டாம் என்றான். பிறகு பரிமலின் மனைவி மாலபிகா கொண்டுவந்து வைத்த டீயை ஆற விடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

இருவரும் ஒரே கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள். பரிமல் கணிதத் துறைத் தலைவர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். ஹிமாத்ரி இயற்பியல், அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். தலைவர் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். துறையில் இருப்பதே மூன்று பேர்தான். பரிமலின் பெயரில் ஒரு கட்டுரை கிடையாது, ஒரு தேற்றம் கிடையாது. கூடப் படித்தவர்கள் டெல்லி, பம்பாய் என்று போய்ப் பெரிய பேராசிரியர்களாகிவிட்டார்கள். துர்கா பூஜைக்கு ஊருக்கு வரும்போது, "என்ன பரிமல், இன்னும் அதே கல்லூரிதானா?" என்று ரொம்ப அன்பாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த அன்புக்கு ஒரு பதில் சொல்லத்தான் அவர் பகா எண் தேட ஆரம்பித்தார்.

"அண்ணே, ஒண்ணு விழுந்திருக்கு," என்றான் ஹிமாத்ரி.

பரிமல் பொரி மெல்லுவதை நிறுத்தினார். விழுந்திருக்கிறது என்றால் அவர்கள் பாஷையில் ஒரே அர்த்தம்தான். இரண்டை இரண்டால் பெருக்கி, மறுபடி இரண்டால் பெருக்கி, இப்படியே கோடிக்கணக்கான தடவை பெருக்கிக்கொண்டு போய், கடைசியில் ஒன்றைக் கழிக்க வேண்டும். அப்படி வருகிற பேரெண் எப்போதாவது ஒரு தடவை பகா எண்ணாக இருக்கும். தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எந்த எண்ணுக்கும் மசியாது. அன்றுவரை உலகத்தில் அத்தனை பேரும் சேர்ந்து தேடியும் இந்த வகையில் ஐம்பதுகூடத் தேறவில்லை. ஆயிரக்கணக்கான கிறுக்கர்கள் தங்கள் வீட்டுக் கணினிகளை இதற்காக இரவும் பகலும் ஓடவிட்டிருந்தார்கள். அமெரிக்காவில் எங்கோ இருக்கும் தலைமைக் கணினி ஆளுக்கு ஒரு எண்ணைப் பங்கு போட்டுக் கொடுக்கும். ஒரு எண்ணைச் சோதிக்க வாரக்கணக்கில் ஆகும். விழுந்தால், கண்டுபிடித்தவன் பெயர் அந்த எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். கணிதம் இருக்கும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். பரிமலுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. பொறாமைதான். அதைப் பொறாமை என்று ஒப்புக்கொள்கிற அளவுக்கு அவருக்கு நேர்மை இருந்தது. எழுந்து போய் ஹிமாத்ரியின் தோளைத் தட்டினார்.

"பெரிய ஆளாயிட்ட போ. நிஜமாத்தானா?"

"நிஜந்தாண்ணே. வேற நாலு பெரிய கம்ப்யூட்டர்ல போட்டு உறுதி பண்ணிட்டு இருக்காங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க. உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல."

"அதுக்கு ஏன்டா பொணத்தப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருக்க?"

ஹிமாத்ரி தரையைப் பார்த்தான். "அது உங்க எண்ணுண்ணே."

"என் எண்ணா?"

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி நீங்க சோதிச்சுட்டு, இது பகா எண் இல்லைன்னு தள்ளிவிட்டது. எனக்கு மறுசோதனைக்கு வந்துச்சு."

பரிமல் அவன் தோளிலிருந்து கையை எடுத்தார்.

அவர்கள் உலகத்தில் அப்படி ஒரு விதி உண்டு. ஒருவர் சோதித்து 'இல்லை' என்று சொன்ன எண்ணை, சில வருஷம் கழித்து வேறொருவர் கணினியில் முதலிலிருந்து சோதிப்பார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் அந்த எண்ணின் கதை முடியும். மறுசோதனை பெருமை இல்லாத வேலை. அதில் புதிதாக எதுவும் விழுவதில்லை. கல்லூரி கழித்துப்போட்ட பழைய கணினிப் பெட்டிகளை வைத்திருந்த ஹிமாத்ரிக்கு அந்த வேலைதான் கிடைக்கும். "என்னப்பா, இன்னைக்கு யார் சாப்பிட்ட எலைய எடுக்கற?" என்று ஆசிரியர் அறையில் பத்துப் பேர் முன்னால் பரிமல் அவனைக் கேட்பது வழக்கம். ஹிமாத்ரியும் சேர்ந்து சிரிப்பான்.

இப்போது பரிமல் சிரிக்கவில்லை. "உன் பெட்டி ஓட்டை. ஏதோ கோளாறு பண்ணியிருக்கும்."

"பண்ணியிருக்காதுண்ணே."

"எப்படிச் சொல்ற? பன்னெண்டு வருஷத்துப் பழைய பெட்டி."

"கோளாறு பண்ற பெட்டி வாய்க்கு வந்த எண்ணையெல்லாம் சொல்லும், ஆனா பூஜ்யத்தை மட்டும் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

சொல்லிக் கொடுத்தது அவர்தான். அந்தச் சோதனையே அப்படித்தான். நான்கில் ஆரம்பிக்க வேண்டும். அதை அதாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, சோதிக்கிற பேரெண்ணால் வகுத்து, மீதியை மட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடி அதாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, வகுத்து. இப்படிக் கோடிக்கணக்கான படிகள். கடைசிப் படியில் மீதி பூஜ்யம் வந்தால் பகா எண். வேறு எது வந்தாலும் இல்லை. நடுவில் ஒரே ஒரு படி பிசகினால் போதும், பிறகு வருவதெல்லாம் தப்பு. ஆனால் பெட்டிக்கு அது தெரியாது. பிசகின எண்ணை வைத்துக்கொண்டு மிச்சப் படிகளை ஒழுங்காக, கர்ம சிரத்தையாகச் செய்து முடிக்கும். கடைசியில் ஒரு எண்ணைச் சொல்லும். பார்க்க அது மற்ற எண்களைப் போலவே இருக்கும். அப்படித் தப்பான வழியில் போய்ப் பூஜ்யத்தில் முட்டிக்கொள்ள வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம்.

"அண்ணே," என்றான் ஹிமாத்ரி, "ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்லி எழுதட்டுமா? முதல்ல பார்த்தது நீங்கதானே."

"பிச்சை போடறியா?"

"ஐயோ, அப்படி இல்லண்ணே."

"எழுது. சிக்தார்னு ஒருத்தன் இருந்தான், கையில கிடைச்சதைக் குப்பையில போட்டான், நான் பொறுக்கி எடுத்தேன்னு எழுது."

ஹிமாத்ரி எழுந்துவிட்டான். வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ள வெகுநேரம் எடுத்துக்கொண்டான். இன்னொரு தடவை கேட்கமாட்டானா என்று பரிமல் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சரி என்றிருப்பார். ஆனால் ஹிமாத்ரி சொன்ன பேச்சைக் கேட்டே பழகினவன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

மாலபிகா டீக் கோப்பையை எடுக்க வந்தாள். எல்லாவற்றையும் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"ஏழு வருஷம்னா அது எந்த மாசம்?"

"எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்."

"எனக்கு இருக்கு. மே மாசம். எனக்கு டைபாய்டு."

அவருக்கும் ஞாபகம் இருந்தது.

அந்த மே மாதம் சின்சுராவே கொதித்தது. ஆற்றங்கரையில்கூடக் காற்று இல்லை. மாலபிகா காய்ச்சலில் கிடந்தாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு மேசை மின்விசிறி. அதைக் கணினிக்கு முன்னால் வைத்து, பக்கவாட்டுத் தகட்டையும் கழற்றிவிட்டிருந்தார் பரிமல். எண் முக்கால்வாசி ஓடிவிட்டது, நடுவில் நிறுத்த முடியாது என்று அவளிடம் சொன்னார். அது பொய். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நிறுத்த அவருக்கு மனசில்லை, அவ்வளவுதான். மாலபிகா ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு கூடத்துத் தரையில் படுத்திருந்தாள்.

நிறுத்த மனசில்லாததற்குக் காரணம் ஒரு பந்தயம். அந்த மாதம் யார் அதிக எண்களை முடிப்பது என்று அவருக்கும் ஹிமாத்ரிக்கும் போட்டி. தோற்றவர் ஆசிரியர் அறைக்கே கசோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் வாங்கித் தர வேண்டும். ஹிமாத்ரி எதிர்பாராமல் முந்திக்கொண்டிருந்தான். தன்னிடம் வேலை கற்றுக்கொண்ட பொடியனிடம் தோற்பதா என்று பரிமல் கணினியை அதன் சக்திக்கு மீறின வேகத்தில் முடுக்கிவிட்டார். ஒவ்வொரு படியும் சரியா என்று பார்த்துக்கொண்டே போகும் ஒரு வசதி அந்த மென்பொருளில் இருந்தது. அதைப் போட்டால் வேகம் கொஞ்சம் குறையும். அதையும் அணைத்தார். அணைப்பதற்கு முந்தின நாள் திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. கணக்கில் பிழை இருக்கலாம், பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஓட்டுவது நல்லது என்றது. திரும்பிப் போனால் பத்து நாள் வேலை வீண். 'தொடர்க' என்பதை அழுத்தினார். அந்த மாதம் ஜெயித்தார். ஹிமாத்ரி வாங்கிக் கொடுத்த கசோரியை எல்லோரையும்விட இரண்டு அதிகமாகத் தின்றார்.

"எனக்கு வேண்டிய காத்தையும் அதுக்குத்தான் குடுத்தீங்க," என்றாள் மாலபிகா. "அப்படியும் அது உங்களுக்கு உண்மையா இல்ல பாருங்க."

சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்று வாரத்தில் உறுதியாகிவிட்டது. செய்தித்தாள்களில் ஹிமாத்ரியின் படம் வந்தது. கல்லூரியில் பாராட்டு விழா. மாணவிகள் தொடக்கப் பாட்டுப் பாடினார்கள். ஹிமாத்ரிக்குப் பொன்னாடை, பூங்கொத்து, பெரிய மண்சட்டி நிறைய இனிப்புத் தயிர். அந்த எண்ணின் பெருமையைச் சபைக்கு விளக்க வேண்டியது யார்? கணிதத் துறைத் தலைவர்தான். கல்லூரி முதல்வர் கேட்டபோது பரிமலால் மறுக்க முடியவில்லை. மறுத்திருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

மேடையில் அவர் நன்றாகவே பேசினார். அதுதான் கொடுமை. இத்தனை வருஷமாகத் தன் எண்ணுக்காக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு அது.

"இந்த எண்ணைச் சாதாரணமா எழுதினா கோடி இலக்கத்துக்கு மேல போகும்," என்றார். "ஆனா கம்ப்யூட்டர் பாஷையில எழுதினா வெறும் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுதான். நடுவுல ஒரு பூஜ்யம்கூட இருக்காது. ஆனா இது பகா எண்ணா இல்லையான்னு சொல்ல, கடைசியில பூஜ்யம்தான் வந்தாகணும். அதோட விடல. இப்படி ஒரு பகா எண் கிடைச்சா கூடவே ஒரு நிறைவெண்ணும் கிடைக்கும். ஆறு இருக்கு பாருங்க. அதை வகுக்கற சின்ன எண்கள் ஒண்ணு, ரெண்டு, மூணு. கூட்டினா மறுபடி ஆறு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அந்த மாதிரி ஒண்ணு இன்னைக்கு இந்த எண்ணாலயும் நமக்குக் கிடைச்சிருக்கு."

கைதட்டினார்கள். ஒரு நிருபர் எழுந்து, இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டார். "ஒண்ணும் கிடையாது," என்றார் பரிமல். அதற்கும் கைதட்டினார்கள். மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தி, பகா எண் இல்லை என்று தெரிந்தால் அதை வகுக்கிற எண் எது என்றும் தெரிந்துவிடுமா என்று கேட்டாள்.

"தெரியாது. உடைஞ்சதுன்னு மட்டும் தெரியும். எதால உடைஞ்சதுன்னு சோதனை சொல்லாது."

"சோதனையே தப்பா போனா, சார்?"

"அதுவும் தெரியாது. வேற யாராவது திரும்பச் செஞ்சு பார்த்தாத்தான் தெரியும்."

"இந்த எண்ணுக்கு அப்படி ஏதாவது நடந்துச்சா சார்?"

ஹிமாத்ரி மடியிலிருந்த பூங்கொத்தின் காகிதத்தைத் தடவிக்கொண்டிருந்தான். பரிமல் தண்ணீர் குடித்தார். "நடந்திருக்கலாம்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

நன்றி சொல்ல வந்த முதல்வருக்கு வேடிக்கையாகப் பேச வேண்டும் என்று ஆசை. "நம்ம பரிமல் பாபுவும் பதினாறு வருஷமா சலிக்காம தேடிட்டு இருக்கார். எண் அவர் வீட்டு வழியா போயிருக்கும், இவர் தூங்கியிருப்பார்," என்றார். சபை சிரித்தது. பரிமலும் சிரித்தார். அவரால் வேறு என்ன செய்ய முடியும். விழா முடிவதற்குள் முதல்வர் இன்னொரு காரியமும் செய்தார். ஹிமாத்ரிக்கு இருபது புதுக் கணினிகளோடு ஒரு ஆய்வுக்கூடம் அறிவித்தார். ஒவ்வொரு வருஷமும் பரிமல் கேட்டு, ஒவ்வொரு வருஷமும் இல்லை என்று சொல்லப்பட்ட ஆய்வுக்கூடம் அது.

இத்தோடு முடிந்திருந்தால் பரிமல் எப்படியோ விழுங்கியிருப்பார். அடுத்த வாரம் அமெரிக்கத் தலைமையிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. ஒரு எண்ணில் தப்பான விடை கொடுத்த பெட்டி மற்ற எண்களிலும் தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்பதால், பரிமல் சிக்தார் பெயரில் மறுசோதனை ஆகாமல் கிடக்கும் விடைகள் அத்தனையும் சந்தேகத்துக்குரியவை, விரும்புகிறவர்கள் அவற்றை முதலில் எடுத்துச் சோதிக்கலாம் என்றது. எழுதியவர்கள் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு குற்றச்சாட்டும் இல்லை. இது வழக்கமான நடைமுறை என்று வருத்தமும் தெரிவித்திருந்தார்கள்.

உலகம் மொய்த்தது. ஒரு தடவை தவறவிட்டவன் இன்னொரு தடவையும் விட்டிருப்பான் இல்லையா? ஜெர்மனியில் ஒருவர், ஜப்பானில் ஒருவர், பிரேசிலில் ஒரு பள்ளிக்கூடம் என்று பரிமலின் எண்களைப் போட்டி போட்டுக்கொண்டு எடுத்தார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில், 'சிக்தார் எண் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். பெயர் உலகம் முழுக்கப் பரவ வேண்டும் என்று ஆசைப்பட்டார் இல்லையா, பரவிவிட்டது.

புது ஆய்வுக்கூடம் ஓட ஆரம்பித்ததும் ஹிமாத்ரி கல்லூரி வராந்தாவில் அவரை வழிமறித்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க எண்ல முப்பதை நான் எடுத்திருக்கேன். புது லேப் முழுக்க அதுதான் ஓடுது."

"இன்னொண்ணு கிடைக்கும்னா?"

"இல்லண்ணே. வேற எவன் கையிலயாவது போய், அவன் உங்களைப் பத்தி ஏதாவது எழுதி..." அவன் முடிக்கவில்லை. "ஒத்துப்போச்சுன்னா உங்க பேரு சுத்தமாயிடும் இல்ல. அதுக்குத்தான்."

பரிமல் அவனைப் பார்த்தார். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. திட்டுவதற்கு ஒரு அயோக்கியனாவது கிடைத்திருக்கலாம்.

"முடிஞ்சதும் சொல்லு," என்றார்.

அதன் பிறகு அவருக்கு வேறு வேலை ஓடவில்லை. தன் கணினியை நிறுத்திவிட்டார். அது நின்றதும் வீடு வித்தியாசமாக இருந்தது. வகுப்பு எடுத்தார், மீன் வாங்கினார், போனைப் பார்த்தார். ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. ஜெர்மன்காரர் எடுத்தது ஒத்துப்போனது. பிரேசில் பள்ளிக்கூடத்தில் ஒன்று ஒத்துப்போகவில்லை. பரிமல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாவது பெட்டியில் போட்டதில் பிரேசிலின் விடைதான் சரி, பரிமலின் விடை தப்பு. ஆனால் அந்த எண்ணும் பகா எண் இல்லை. அந்தச் செய்தியைப் படித்ததும் அவர் முழுத் தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அன்றைக்குத்தான் தனக்கு என்ன ஆகிவிட்டது என்று அவருக்கே விளங்கியது. பதினாறு வருஷமாக ஒவ்வொரு எண்ணையும் பகா எண்ணாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் அவர். இப்போது ஒன்றுகூட அப்படி இருந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தார். உலகத்தில் இனிமேல் பகா எண்ணே கிடைக்காமல் போனாலும் அவருக்குச் சம்மதம்தான். தன் கை பட்ட எண்கள் எல்லாம் உதவாத எண்களாக இருந்தால் போதும்.

ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஹிமாத்ரி கூப்பிட்டான்.

"அண்ணே, இன்னைக்கு நாலு முடிஞ்சுது."

பரிமலின் கை தட்டிலேயே நின்றது. "சொல்லு."

"நாலும் ஒத்துப்போச்சு. ஒண்ணுகூடப் பகா எண் இல்ல."

"நிஜமா? நாலுமா?"

"நாலுமேதான்."

"நல்லா இருடா," என்றார் பரிமல். போனை வைத்துவிட்டு, இலிஷ் மீனை இன்னொரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மாலபிகா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த வீட்டில் அந்தச் சிரிப்பை அவள் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"என்னவாம்?"

"ஒண்ணும் விழல."

மாலபிகா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "இத்தனை வருஷமா விழலையேன்னு என் மூஞ்சியக்கூடப் பார்க்கல. இப்ப விழலேன்னு சிரிக்கிறீங்க."

"ஆமா," என்றார் பரிமல்.